சாமி சொன்னால் புகையை விடுவோமா?

பக்தி உள்ளவர் பீடி, சிகரெட் பக்கம் போகமாட்டார் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கோயில் திருவிழாவில் பந்தலுக்குப் பின்னால் நின்று ஊதுகிறவர்களையும் நாம்தான் பார்க்கிறோம். இதில் எது உண்மை? மதம் சொன்னால் மனிதன் புகையிலையை விட்டுவிடுவானா?

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 3,968 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 1998-ல் வெளிவந்தன. வாராவாரம் வழிபாட்டுக்குப் போகிறவர்களிடமும், தினமும் ஜெபம் செய்கிறவர்களிடமும் சிகரெட் பழக்கம் குறைவாக இருந்தது. இதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் மத நிகழ்ச்சிகளை வீட்டிலிருந்தே தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள், வானொலியில் கேட்பவர்கள் விஷயத்தில் அந்தக் குறைவைக் காணவில்லை. ஏறக்குறைய அதே பிரசங்கம், அதே பாட்டு, அதே சாமிதான். இருந்தும் பலன் வேறாக இருந்தது.

இந்த ஓர் ஆய்வை வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. புகைபிடிப்பவர் கூச்சப்பட்டு சர்ச்சுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். உடம்பு முடியாதவர்கள் தொலைக்காட்சி முன் அதிகம் உட்கார்ந்திருக்கலாம். ஆனாலும் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு, புகையிலையும் மதமும் சந்தித்த சில கட்டங்களை வரலாற்றில் பாருங்கள். ஒரே விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். நம் குடியிருப்புக்கும் அது உதவும் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

சாமிக்குப் படைத்த இலை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். புகையிலையும் மதமும் பிறவிப் பகையாளிகள் இல்லை. புகையிலையின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். அங்குள்ள பழங்குடி மக்கள் பலருக்கு அது வழிபாட்டுப் பொருள். நம் ஊரில் கற்பூரமும் சாம்பிராணியும் போல அங்கே புகையிலைப் புகை தெய்வத்தை நோக்கிப் போனது. நோய் தீர்க்கும் சடங்கிலும், இரு கூட்டத்தார் சமாதானம் பேசும்போதும் அதற்கு இடம் இருந்தது. 1492-ல் கொலம்பஸ் போய் இறங்கிய பிறகுதான் அந்த இலை கப்பலேறி ஐரோப்பாவுக்கு வந்தது.

இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுக்கீசியர். அக்பரின் கடைசிக் காலத்தில் பீஜப்பூரிலிருந்து திரும்பிய ஓர் அதிகாரி, அழகான குழாயோடு புகையிலையை அரசவைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அரசவை வைத்தியர் வேண்டாம் என்று தடுத்தும் அக்பர் ஓரிரு முறை இழுத்துப் பார்த்தார். அவருடைய மகன் ஜஹாங்கீர் 1617-ல் புகையிலைக்குத் தடை போட்டார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தமிழ்நாட்டிலும் இந்த வெளிநாட்டு இலை வேகமாக வேர்விட்டது. சீனிச்சர்க்கரைப் புலவர் 'புகையிலை விடு தூது' என்றே ஒரு நூல் பாடினார். தூது போவது புகையிலை, போய்ச் சேரவேண்டிய இடம் பழனி முருகனின் சன்னிதி. மும்மூர்த்திகளின் இலைகளான வில்வம், துளசி, புகையிலை மூன்றில் பிரமனுடைய இலையே வென்றது என்ற கதையும் அந்த நூலில் வருகிறது. புகையிலைக்கு 'பிரமபத்திரம்' என்று ஒரு பெயரும் கிடைத்துவிட்டது!

புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலையில் முருகனுக்குச் சுருட்டு நிவேதனம் செய்யும் வழக்கம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். கருப்பசாமி, சுடலைமாடன், முனீசுவரன் போன்ற காவல் தெய்வங்களின் படையலிலும் சுருட்டு உண்டு. ஆகவே மதம் என்றாலே புகையிலைக்கு எதிரி என்று சொல்ல வழியில்லை. ஒரு சமூகம் தன் வழிபாட்டில் எதைச் சேர்க்கிறது, எதைத் தள்ளுகிறது என்பதைப் பொறுத்து அது மாறுகிறது.

போப்பின் ஆணையும் சுல்தானின் வாளும்

ஐரோப்பாவில் புகையிலை பரவியபோது, மூக்குப்பொடி சர்ச்சுக்குள்ளேயும் நுழைந்தது. பூசை நடக்கும்போதே பொடி போடுவது, தும்முவது, துப்புவது எல்லாம் சகஜமாயின. பாதிரியார்களும் இதில் சேர்த்தி. ஸ்பெயின் நாட்டின் செவில் நகரிலிருந்து புகார் போனது. போப் எட்டாம் அர்பன் 1642-ல் அந்த மறைமாவட்டத்துக்கு ஓர் ஆணை போட்டார். சர்ச்சுக்குள் புகையிலை பயன்படுத்துவோர் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவார்கள் என்பது அதன் சாரம். கத்தோலிக்கர் ஒருவருக்கு அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. 1650-ல் அடுத்த போப், ரோமில் உள்ள புனித பேதுரு ஆலயத்துக்கும் அதே போன்ற தடையைக் கொண்டுவந்தார்.

பிறகு என்ன நடந்தது? பொடி டப்பா எங்கும் போகவில்லை. 1725-ல் போப் பதின்மூன்றாம் பெனடிக்ட் அந்தத் தடையை நீக்கினார். அவரே பொடி போடும் பழக்கம் உள்ளவர். 1860-களின் தொடக்கத்தில் ரோமாபுரியின் டிராஸ்டெவெரே பகுதியில் போப்பின் அரசே ஒரு பெரிய புகையிலைத் தொழிற்சாலையைக் கட்டி முடித்தது. தண்டிக்கத் தொடங்கியவர்கள் கடைசியில் தயாரிப்பாளர்கள் ஆனார்கள். வத்திக்கானுக்குள் சிகரெட் விற்பனை நின்றது மிக அண்மையில்தான். போப் பிரான்சிஸ் 2017-ல் அறிவித்து 2018-லிருந்து நிறுத்தினார்.

துருக்கியில் கதை இன்னும் கடுமை. இஸ்தான்புல்லில் பெரும் தீ விபத்து நடந்த 1633-ல் சுல்தான் நான்காம் முராத் காப்பிக் கடைகளையும் புகையிலையையும் தடை செய்தார். அந்தக் காலத்தில் செல்வாக்கோடு இருந்த கண்டிப்பான மதப் போதகர்கள் இதற்கு ஆதரவு கொடுத்தார்கள். மீறியவர்களுக்கு மரண தண்டனை. அப்படியும் மக்கள் ஒளிந்து ஒளிந்து புகைத்தார்கள். 1640-ல் சுல்தான் இறந்தார். சில ஆண்டுகளில், பேரரசின் தலைமை முஃப்தியாக இருந்த பஹாயி எஃபெந்தி, புகையிலை கூடும் என்று தீர்ப்பே கொடுத்துவிட்டார். அவரும் கடும் புகைப்பழக்கம் உள்ளவர்.

பாவம் என்று சொல்லிப் பார்த்தார்கள், தலையை வெட்டியும் பார்த்தார்கள். இரண்டும் தோற்றன. ஏன்? ஆணை மேலே இருந்து வந்தது. கீழே ஒன்றாக உட்கார்ந்து புகைத்தவர்களின் கூட்டம் அப்படியே இருந்தது.

ஒரு நாடே ஹூக்காவைக் கீழே வைத்தது

இதற்கு நேர்மாறான சம்பவம் ஒன்று ஈரானில் நடந்தது. 1890 மார்ச்சில் அந்நாட்டு மன்னர் நாசிருத்தீன் ஷா, மேஜர் டால்பட் என்ற ஆங்கிலேயருக்கு ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தார். ஈரானில் விளையும் மொத்தப் புகையிலையையும் வாங்க, விற்க, ஏற்றுமதி செய்ய 50 ஆண்டுகளுக்கு அவருக்கு மட்டுமே உரிமை. பதிலுக்கு ஆண்டுக்கு 15,000 பவுனும் லாபத்தில் கால் பங்கும் மன்னருக்கு.

அன்றைய ஈரானில் புகையிலை ஆண், பெண், பணக்காரர், ஏழை என்று எல்லோருக்கும் பழகிய பொருள். விருந்தாளி வந்தால் ஹூக்கா வைப்பது மரியாதை. பயிரிடுகிறவர், தரகர், கடைக்காரர் என்று எத்தனையோ பேரின் பிழைப்பு அதில் இருந்தது. தன் நிலத்தில் தான் விளைவித்ததைத் தன் ஊர்க் கடையில் விற்க ஒரு வெளிநாட்டுக் கம்பெனியைக் கேட்க வேண்டும் என்ற நிலை வந்ததும் கொதிப்பு எழுந்தது. 1891-ல் ஷிராஸ், தப்ரீஸ், இஸ்ஃபஹான் என்று நகரம் நகரமாக எதிர்ப்பு பரவியது. வணிகர்களும் மதகுருக்களும் கைகோத்தார்கள்.

அந்த டிசம்பரில், இராக்கின் சாமர்ரா நகரில் இருந்த ஷியா முஸ்லிம்களின் பெரும் தலைவர் மிர்ஸா ஹசன் ஷிராஸியின் பெயரில் ஒரு ஃபத்வா வெளியானது. எந்த வடிவிலும் புகையிலையைப் பயன்படுத்துவது, மறைந்திருக்கும் இமாமுக்கு எதிராகப் போர் தொடுப்பதற்குச் சமம் என்பது அதன் கருத்து. சில வரிகள்தான். தந்தியிலும் கைப்பிரதியிலும் அது நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது.

அடுத்து நடந்ததை அன்றைய வெளிநாட்டார் நம்பமுடியாமல் பார்த்தார்கள். கடைகள் மூடப்பட்டன, ஹூக்காக்கள் ஓரங்கட்டப்பட்டன. மன்னரின் அந்தப்புரத்திலேயே அவருடைய மனைவியரும் பணியாளர்களும் புகைப்பதை நிறுத்தினார்கள். மன்னருக்கு ஹூக்கா தயார் செய்துதரக்கூட அங்கே ஆள் இல்லை. 1892 ஜனவரியில் மன்னர் பணிந்து ஒப்பந்தத்தை முழுவதுமாக ரத்து செய்தார். கம்பெனிக்கு 5 லட்சம் பவுன் நஷ்டஈடு கொடுக்கக் கடன் வாங்கினார். ஈரான் வாங்கிய முதல் வெளிநாட்டுக் கடன் என்று வரலாற்றில் அது பதிவாகியிருக்கிறது.

வாளால் முடியாததை ஒரு மதத் தலைவரின் சில வரிகள் எப்படிச் செய்தன? அந்த வரிகள் வருவதற்கு முன்பே மக்கள் ஒன்றுசேர்ந்திருந்தார்கள் என்பதுதான் பதில். பக்கத்துக் கடைக்காரர் புகைக்கவில்லை, எதிர்வீட்டார் புகைக்கவில்லை, மனைவி புகைக்கவில்லை. அந்த நிலையில் தனியாக ஹூக்காவைப் பற்றவைப்பது சுகமாக இருக்காது, வெட்கமாக இருக்கும்.

இந்தக் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு, நமக்கு அதுதான் முக்கியம். ஒப்பந்தம் ரத்தானதும் அதே ஜனவரியில் தடையும் விலக்கிக்கொள்ளப்பட்டது. மக்கள் மறுபடி ஹூக்காவை எடுத்தார்கள். சண்டை கம்பெனியோடும் மன்னரோடும்தான், புகையிலையோடு அல்ல. காரணம் முடிந்தது, விரதமும் முடிந்தது. ஒரு சமூகம் நினைத்தால் பல வாரம் புகைக்காமல் இருக்க முடியும் என்பதை ஈரான் காட்டியது. அதற்குப் பிறகும் அப்படியே இருக்க வேறு ஏதோ ஒன்று வேண்டும் என்பதையும் சேர்த்தே காட்டியது.

புத்திமதி பழக்கமாக எடுத்துக்கொண்ட காலம்

அந்த 'வேறு ஏதோ ஒன்று' என்ன என்பதை அமெரிக்காவின் இரண்டு சிறிய கிறிஸ்தவப் பிரிவுகளிடம் பார்க்கலாம்.

முதலாவது மார்மன்கள். 1833 பிப்ரவரியில் ஒஹையோ மாநிலத்தின் கிர்ட்லாண்ட் ஊரில், ஜோசப் ஸ்மித் தன் சீடர்களுக்கு ஒரு கடைக்கு மேலே இருந்த அறையில் வகுப்பு நடத்திவந்தார். வகுப்பு தொடங்கும்முன் எல்லோரும் குழாய் பற்றவைப்பார்கள், பிறகு மென்று துப்புவார்கள். அந்தத் தரையைக் கழுவவேண்டியிருந்த அவர் மனைவி எம்மா சலித்துக்கொண்டார் என்று பிற்காலத்தில் பிரிகம் யங் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தச் சூழ்நிலையில்தான் மது, புகையிலை, சூடான பானங்கள் வேண்டாம் என்ற 'ஞான வார்த்தை' வந்தது என்பது அவர்கள் வரலாறு.

கவனியுங்கள், அது கட்டளையாக வரவில்லை, புத்திமதியாக வந்தது. பல ஆண்டுகள் பலர் அதைக் கடைப்பிடிக்கவும் இல்லை. தலைவர்களில்கூடப் புகையிலை மென்றவர்கள் இருந்தார்கள். மெல்ல மெல்லத்தான் அது இறுகியது. 1921-ல்தான் அவர்களுடைய கோயிலுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டுமானால் இதைக் கடைப்பிடித்தே ஆகவேண்டும் என்று ஆனது. ஏறக்குறைய 90 ஆண்டுகள்! இடைப்பட்ட காலத்தில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் நலம் விசாரிப்பது, வாராவாரம் கூடுவது, குழந்தைகளைச் சேர்த்து வளர்ப்பது என்று அந்தச் சமூகம் நெருக்கமாகப் பின்னிக்கொண்டது. இன்று மார்மன்கள் பெருமளவில் வாழும் யூட்டா மாநிலம், அமெரிக்காவிலேயே சிகரெட் பழக்கம் மிகக் குறைந்த மாநிலமாக நெடுங்காலமாக இருந்துவருகிறது.

இரண்டாவது, ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை. 1863-ல் அமைப்பாக உருவான இந்தச் சபையின் வழிகாட்டிகளில் ஒருவரான எலன் ஒயிட், உடல்நலத்தை வழிபாட்டின் ஒரு பகுதியாகவே போதித்தார். அங்கேயும் புகையிலைக்கு இடம் இல்லை.

இவர்களால் மருத்துவ உலகுக்கும் ஒரு பெரிய நன்மை கிடைத்தது. 1950-ல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெளிவந்த ஆய்வுகள், நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் தொடர்பு உண்டு என்று சொன்னபோது பலர் ஏற்கவில்லை. நகரத்துக் காற்று, மோட்டார் புகை, தொழிற்சாலை என்று வேறு காரணங்கள் சொன்னார்கள். சந்தேகம் நியாயமானதுதான். அப்படியானால், அதே நகரத்தில் அதே காற்றைச் சுவாசித்துக்கொண்டு, சிகரெட்டை மட்டும் தொடாத ஒரு பெரிய கூட்டம் கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் அல்லவா? கலிபோர்னியாவின் அட்வென்டிஸ்ட்கள் அப்படிக் கிடைத்தார்கள். எர்ன்ஸ்ட் வைண்டரும் உடன் ஆய்வாளர்களும் 1959-ல் வெளியிட்ட ஆய்வில், அவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மிக அரிதாக இருந்தது தெரிந்தது. 1964-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி சிகரெட்டைப் பற்றிப் புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்டார். அதற்கு முன்பே கிடைத்த சான்றுகளில் இதுவும் ஒன்று.

2001-ல் வெளியான மற்றோர் ஆய்வு, கலிபோர்னியாவின் மற்ற மக்களைவிட அட்வென்டிஸ்ட் ஆண்கள் சராசரியாக 7.3 ஆண்டுகளும் பெண்கள் 4.4 ஆண்டுகளும் கூடுதலாக வாழ்வதாகக் கணக்கிட்டது. புகைக்காதது மட்டும் இதற்குக் காரணம் இல்லை. அவர்களில் பலர் சைவ உணவுக்காரர்கள், உடற்பயிற்சி செய்கிறவர்கள். இருந்தாலும் முதல் படி புகையிலையைத் தள்ளிவைத்ததுதான்.

அவர்கள் செய்த இன்னொரு காரியம் நம் கவனத்துக்கு உரியது. 1960 வாக்கில் வேய்ன் மெக்ஃபார்லண்ட் என்ற மருத்துவரும் எல்மன் ஃபோல்கன்பெர்க் என்ற போதகரும் சேர்ந்து 'ஐந்து நாள் திட்டம்' ஒன்றைத் தொடங்கினார்கள். எந்த மதத்தவரும் வரலாம், மதம் மாறத் தேவையில்லை. தொடர்ந்து ஐந்து மாலைகள் கூடவேண்டும். நிறையத் தண்ணீர் குடிப்பது, உணவை எளிமையாக்குவது, நடப்பது, ஆசை வரும்போது 'புகைக்க வேண்டாம் என்று நான் முடிவு செய்திருக்கிறேன்' என்ற பொருளில் தனக்குத் தானே சொல்லிக்கொள்வது என்று எல்லாம் சாதாரண வழிகள். வந்தவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டார்கள். ஆசை தாங்கமுடியாமல் போனால் தன் ஜோடிக்காரருக்குத் தொலைபேசியில் பேசவேண்டும். உலகின் பல நாடுகளில் இந்தத் திட்டம் நடந்தது.

ஜெபத்தையும் மருந்தையும்விட, அந்த ஜோடி ஏற்பாட்டைத்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பஞ்சாபும் மிசோரமும்

நம் நாட்டுக்கு வருவோம். 1699-ல் குரு கோவிந்த் சிங் கால்சாவை நிறுவினார். அமிர்தம் எடுத்துக்கொண்ட சீக்கியருக்குப் பெருங்குற்றங்களாகச் சொல்லப்படும் நான்கில் புகையிலையும் ஒன்று. முடி வெட்டுவதற்குச் சமமான குற்றம் அது. குருத்வாராவில் தினசரிக் கூடுதல், லங்கரில் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பது என்று அந்த விதி அன்றாட வாழ்க்கையோடு சேர்ந்துவிட்டது.

2016-17-ல் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட வயது வந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பு இதை எண்ணிக்கையில் காட்டுகிறது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏதாவது ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவோர் இந்தியாவில் 28.6 சதவீதம், தமிழ்நாட்டில் 20 சதவீதம், பஞ்சாபில் 13.4 சதவீதம்.

அப்படியானால் மத ஈடுபாடு அதிகமுள்ள எல்லா மாநிலமும் இப்படித்தான் இருக்குமா? மிசோரத்தைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே 87 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு என்பது அந்த ஊர் வாழ்க்கையின் மையம். ஆனால் அதே கணக்கெடுப்பில் அங்கே புகையிலைப் பயன்பாடு 58.7 சதவீதம்! இந்தியாவிலேயே மிக அதிகமான மாநிலங்களில் ஒன்று. புகையிலைப் புகையைத் தண்ணீரில் ஏற்றி, அந்தத் தண்ணீரை வாயில் வைத்துக்கொள்ளும் 'துய்புர்' என்ற பழக்கமும் அங்கே உண்டு. அதே மிசோரத்தில் மதுவுக்கு எதிராக சர்ச்சுகள் உறுதியாக நின்றன. 1995-ல் முழு மதுவிலக்குச் சட்டமே வந்தது. பஞ்சாபில் நிலைமை தலைகீழ். புகையிலை குறைவு, ஆனால் மதுவோடும் மற்ற போதைப் பொருள்களோடும் அந்த மாநிலம் படும் பாடு எல்லோருக்கும் தெரிந்தது.

இரண்டு மாநிலத்திலும் பக்தி உண்டு, கூட்டம் உண்டு. கூட்டம் எதன்மேல் கண் வைக்கிறதோ அது குறைகிறது, கண்டுகொள்ளாமல் விட்டது வளர்கிறது.

மாலையைக் கழற்றிய பிறகு

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். கார்த்திகை பிறந்தால் நம் குடியிருப்பிலும் மாலை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சபரிமலைக்கு 41 நாள் மண்டல விரதம். நாளுக்கு ஒரு பாக்கெட் ஊதியவர்கூட அந்த நாட்களில் சிகரெட்டைத் தொடுவதில்லை. ரம்ஜான் மாதத்தில் நம் இஸ்லாமிய சகோதரர்கள் விடியற்காலையிலிருந்து மாலை வரை தண்ணீர்கூட இல்லாமல் இருக்கிறார்கள், புகையும் இல்லை. தவக்காலத்தில் புகையை ஒதுக்கிவைக்கும் கிறிஸ்தவ அன்பர்களும் உண்டு.

இது சாதாரண விஷயம் இல்லை. நிகோட்டினை நிறுத்தியதும் வரும் எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை எல்லாம் முதல் சில நாட்களில் உச்சத்துக்குப் போகும். இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். 41 நாள் விரதம் இருந்தவருடைய உடம்பு கடினமான கட்டத்தை ஏற்கெனவே தாண்டிவிட்டது. ஆனாலும் பலர் மலையிறங்கி மாலையைக் கழற்றிய சில நாட்களில் மறுபடி பற்றவைக்கிறார்கள். ஏன்?

விரத நாட்களில் என்னென்ன மாறுகின்றன என்று யோசித்துப் பாருங்கள். கழுத்தில் மாலை, உடம்பில் கறுப்பு அல்லது காவி வேட்டி. பார்ப்பவர் எல்லோரும் "சாமி" என்று கூப்பிடுகிறார்கள். அலுவலக நண்பர் சிகரெட் நீட்டுவதில்லை, டீக்கடைக்காரரும் எடுத்துக் கொடுப்பதில்லை. காலை மாலை பூசைக்கு மற்ற சாமிகள் வருகிறார்கள். 41 நாளும் ஊரே அவருக்குத் துணை நிற்கிறது. மாலையைக் கழற்றியதும் அந்தத் துணை ஒரே நாளில் விலகிவிடுகிறது. பழைய டீக்கடை, பழைய நண்பர், பழைய பார்க்கிங் மூலை எல்லாம் அப்படியே காத்திருக்கின்றன. 1892-ல் ஈரானில் நடந்ததுதான் ஆண்டுதோறும் நம் ஊரிலும் நடக்கிறது.

லிஃப்டிலும் படிக்கட்டிலும் 'புகைபிடிக்காதீர்' என்று ஒட்டுவதும், பொது இடங்களில் 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ள தடையை நினைவூட்டுவதும் தேவைதான். அடுத்தவர் விடும் புகை குழந்தைகளையும், ஆஸ்துமா உள்ளவர்களையும், கர்ப்பிணிகளையும் பாதிக்கிறது. அந்த விஷயத்தில் தயவு தாட்சணியம் வேண்டாம். ஆனால் ஒட்டிய காகிதம் ஒருவரை மொட்டை மாடிக்கோ தெருமுனைக்கோ அனுப்பும், பழக்கத்திலிருந்து விடுவிக்காது. எட்டாம் அர்பனின் ஆணைக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும்.

அக்கம்பக்கத்தாராக நம்மால் முடிந்தவை வேறு. உங்கள் தளத்தில் ஒருவர் விரதம் இருக்கிறார் என்றால், மாலையைக் கழற்றிய மறுநாள் அவரை மாலை நடைக்குக் கூப்பிடுங்கள். நோன்பு முடித்தவரிடம், தவக்காலம் முடித்தவரிடம், "இத்தனை நாள் விட்டீர்களே, அப்படியே தொடரலாமே" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஏற்கெனவே விட்டவர் யாராவது இருந்தால், விட நினைக்கிறவருக்கு ஜோடியாக நிற்க முன்வரலாம். ஆசை வரும் நேரத்தில் ஒரு போன் போதும், சில நிமிடங்களில் அந்த வேகம் தணிந்துவிடும். நடுவில் ஒரு நாள் தவறிப்போனால் கேலி செய்யாதீர்கள். தவறியவர் கூட்டத்தைவிட்டு ஒதுங்கிப் போவதில்தான் ஆபத்து இருக்கிறது. அக்கம்பக்கத்தில் சொல்லத் தயங்குகிறவர்களுக்கு மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண் இருக்கிறது: 1800-11-2356. தேவைப்பட்டால் மருத்துவர் மருந்தும் தருவார்.

இந்த ஆண்டு விரதம் தொடங்கும் முன் வீட்டில் ஒரு முறை பேசிப் பாருங்கள். 41 நாளுக்கு என்னென்ன செய்யப் போகிறோம் என்று திட்டம் போடும்போதே, 42-வது நாளுக்கும் ஒரு திட்டம் போட்டுவிடுங்கள்.